சாட்டிலைட் டேட்டா நின்னுட்டா வர்ற ஹரிக்கேனை எப்படி கண்டுபிடிப்பாங்க?

கேள்வி இதுதான்: "என் தங்கச்சி ஃப்ளோரிடாவுல டாம்பா பக்கம் இருக்கா. 2025ல சாட்டிலைட் டேட்டாவை நிறுத்தப் போறோம்னு அங்க ஒரு அறிவிப்பு வந்துச்சே, அந்த மாதிரி நிஜமாவே ஹரிக்கேன் வந்துட்டு இருக்கும்போது டேட்டா நின்னுபோனா அது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? கண்ணைக் கட்டி விட்ட மாதிரி ஆயிடுமா?"

முதல்ல நேரடியா பதில் சொல்லிடறேன். புயல் எங்க இருக்குங்கிறது சாட்டிலைட் இல்லாமலும் தெரிஞ்சிடும், குறிப்பா ஃப்ளோரிடா மாதிரி இடத்துல. ஆனா அதுக்குள்ள என்ன நடக்குது, ராத்திரி படுக்கும்போது கேட்டகரி 1ஆ (காத்து வேகத்தை வெச்சு 1ல இருந்து 5 வரைக்கும் போடுற தரம்) இருந்தது விடியறதுக்குள்ள 4 ஆயிடுமா, இந்த விஷயம்தான் கை நழுவிப் போகும். எதிர்பாராத ஆபத்து அந்த ரெண்டாவது விஷயத்துல இருக்குங்கிறதால இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதறேன். நான் சரக்குக் கப்பல்ல 20 வருஷத்துக்கு மேல டெக் ஆபீசரா இருந்தவன், கல்ஃப் ஆஃப் மெக்சிகோவும் கரீபியனும் நிறைய தடவை போயிருக்கேன்.

சாட்டிலைட்னா நம்ம மனசுல ஒண்ணே ஒண்ணுதான் வரும், டிவில சுத்திக்கிட்டே வர்ற அந்த மேகப்படம். அது கோஸ் வகை சாட்டிலைட், பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல ஒரே இடத்துல நிக்கிற மாதிரி சுத்திட்டு இருக்கும், அட்லாண்டிக் பக்கத்துக்கு 2025 ஏப்ரல்ல இருந்து கோஸ்-19 தான் டியூட்டி. இது திடீர்னு செத்துட்டா? அங்க விண்வெளிலயே ஸ்பேர் ஒண்ணு தயாரா வெச்சிருக்காங்க. 2013 மே மாசம் கோஸ்-13 நிஜமாவே நின்னுபோச்சு, சின்ன விண்கல் துகள் ஒண்ணு பட்டிருக்கும்னு சொன்னாங்க, உடனே கோஸ்-14ஐ எழுப்பி வேலையை வாங்கிட்டாங்க. அதனால இந்தப் படம் மொத்தமா இருண்டுபோறதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி.

2025 ஜூன் கடைசில வந்த அறிவிப்பு வேற ரகம். அது அமெரிக்க ராணுவத்தோட பழைய வானிலை சாட்டிலைட்டுகள், துருவத்துக்குத் துருவம் சுத்தறது, அதுல இருக்கிற மைக்ரோவேவ் கருவியோட டேட்டாவை ஜூன் 30ஓட நிறுத்தறோம்னு சில நாள் முன்னாடிதான் சொன்னாங்க, ஹரிக்கேன் சீசன் ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகல, வானிலை ஆளுங்க எல்லாரும் கொதிச்சுப் போயிட்டாங்க, அப்புறம் ஜூலை 31 வரைக்கும்னு தள்ளி வெச்சு, கடைசில நிறுத்தாம தொடர்ந்து குடுக்கிறோம்னு முடிவாச்சு. அந்தக் கோபம் நியாயமானதுதான். சாதாரண இன்ஃப்ராரெட் படம் மேகத்தோட உச்சியை மட்டும்தான் காட்டும். ஒரு வீட்டை மேல இருந்து பாத்தா மொட்டைமாடி மட்டும் தெரியுற மாதிரி, உள்ள அடுப்பு எரியுதா யாராவது இருக்காங்களான்னு தெரியாது. மைக்ரோவேவ் அந்த மேகத்தை ஊடுருவி உள்ள மழை எந்த வடிவத்துல சுத்துதுன்னு காட்டிடும். கண் உருவாகறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள ஒரு வளையம் கட்ட ஆரம்பிக்கும் பாருங்க, அதை மேலாப்புல இருந்து கண்டுபிடிக்கவே முடியாது, மைக்ரோவேவ்ல பளிச்னு தெரியும், அந்த வளையம் தெரிஞ்சா அடுத்த ஒரு நாள்ல புயல் வேகமா பலமாகறதுக்கு சான்ஸ் அதிகம்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ராத்திரி நேரத்துல இன்ஃப்ராரெட்டை மட்டும் நம்பி மையப் புள்ளி இங்கதான்னு குறிச்சு வெச்சிருப்பாங்க, காலைல வெளிச்சம் வந்து முதல் படம் வந்ததும் பாத்தா மையம் எங்கயோ தள்ளி நிக்கும், மேகக் கூட்டம் ஒரு பக்கம் மையம் இன்னொரு பக்கம்னு. இதுக்கு அவங்ககிட்ட "சூரியோதய அதிர்ச்சி"ங்கிற மாதிரி ஒரு பேரே இருக்கு. மைக்ரோவேவ் குறையக் குறைய இந்த அதிர்ச்சி கூடும்.

சரி இப்ப உங்க கேள்விக்கு வரேன், எல்லாம் போச்சுன்னே வெச்சுக்குவோம். முதல் ஆயுதம் விமானம். மிசிசிப்பில பிலாக்ஸி ஊர்ல இருக்கிற கீஸ்லர் விமான தளத்துல 53வது வானிலை உளவுப் படைன்னு ஒண்ணு இருக்கு, அவங்க கிட்ட 10 ஹெர்குலிஸ் விமானம், அதுபோக அமெரிக்க அரசோட கடல், வானிலை அமைப்பான நோவாவோட ரெண்டு ஓரியன் விமானம் ஃப்ளோரிடாவுல லேக்லேண்ட்ல நிக்குது. இவங்க புயலைச் சுத்திப் போறது இல்ல, கிட்டத்தட்ட 10,000 அடி உயரத்துல அதை ஊடுருவிப் போறாங்க, குறுக்க ஒரு தடவை, திரும்பி வந்து இன்னொரு பக்கமா ஒரு தடவை, பெருக்கல் குறி போட்ட மாதிரி. காத்து எந்த இடத்துல அடங்கி எதிர்த்திசைக்குத் திரும்புதோ அதுதான் மையம், யூகம் கிடையாது, அளந்து சொல்றது.

உள்ள இருந்து ட்ராப்சோண்ட்னு ஒரு குழாயைக் கீழ போடுவாங்க. முழங்கை நீளம்தான் இருக்கும், தலையில சின்ன பாராசூட், விழுந்துக்கிட்டே காத்தழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், ஜிபிஎஸ் வெச்சு காத்து வேகம் எல்லாத்தையும் மேல அனுப்பிக்கிட்டே போகும், சில நிமிஷத்துல கடல்ல விழுந்து முடிஞ்சிடும், திரும்ப எடுக்கிறது இல்ல. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. கண்ணுக்குள்ள போட்ட குழாய் சரியா நடு மையத்துல விழும்னு சொல்ல முடியாது, அதனால தண்ணியத் தொடறப்ப அது என்ன காத்து வேகம் காட்டுதுன்னு பாத்து 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காத்துக்கு 1 மில்லிபார் (காத்தழுத்தத்தோட அளவு) வீதம் கழிச்சுப்பாங்க. குழாய் 950 மில்லிபார்னு சொல்லுது, அந்த இடத்துல காத்து 20 நாட் இருக்கு, அப்ப நிஜ மையத்துல 948ன்னு எடுத்துக்கலாம். நடு மையத்துல காத்தே இருக்கக் கூடாது இல்லையா, காத்து இருக்குன்னா குழாய் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான் கணக்கு. எவ்ளோ எளிமையான யோசனை பாருங்க.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, நிறைய பேர் இதை யோசிக்கிறது இல்ல. விமானத்துல இருந்து மயாமில இருக்கிற தேசிய ஹரிக்கேன் மையத்துக்கு இந்த எண்கள் எல்லாம் எப்படிப் போகுது? அதுவும் தகவல் தொடர்பு சாட்டிலைட் வழியாத்தான். கடல் மிதவைகளும் அப்படித்தான் அனுப்புது. அதனால "சாட்டிலைட் இல்ல"ன்னா எது இல்லங்கறதுல நிறைய வித்தியாசம் இருக்கு, படம் எடுக்கிறது நின்னா சமாளிச்சிடலாம், பேசறதுக்கு இருக்கிறதும் சேர்ந்து நின்னா ரொம்ப தூரம் எட்டுற பழைய எச்எஃப் (ஷார்ட்வேவ்) ரேடியோவுக்குத்தான் திரும்பணும். அமெரிக்காவுல ஹாம் ரேடியோக்காரங்க, அதாவது பொழுதுபோக்கா சொந்த ரேடியோ வெச்சுப் பேசறவங்க, 1965ல பெட்ஸி ஹரிக்கேன் சமயத்துல ஆரம்பிச்ச ஹரிக்கேன் வாட்ச் நெட் இன்னைக்கும் 14.325 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, மயாமி ஹரிக்கேன் மையத்துக்குள்ளயே அதுக்குன்னு ஒரு ஹாம் ஸ்டேஷன் இருக்கு. தீவுல மாட்டிக்கிட்ட ஒருத்தர் தன் வீட்டு பாரோமீட்டரைப் பாத்து சொல்ற எண்ணுகூட அங்க போய்ச் சேருது.

விமானம் எல்லா இடத்துக்கும் போகாது. ஆப்பிரிக்கா பக்கம் அட்லாண்டிக்ல பிறக்கிற புயல் பாதி தூரம் தாண்டி வந்தாதான் இவங்களுக்கு எட்டும். பசிபிக் பக்கம் இன்னும் கம்மி. 2023 அக்டோபர்ல மெக்சிகோவோட அகபுல்கோவை அடிச்ச ஓடிஸ் ஹரிக்கேனை எடுத்துக்கங்க, சாட்டிலைட் படத்தை வெச்சு மதிப்பிட்டதைவிட அது ரொம்ப பலமா இருக்குன்னு 24ஆம் தேதி மதியத்துக்கு மேல விமானம் உள்ள போனப்பதான் தெரிஞ்சுது, அன்னைக்கு நள்ளிரவு தாண்டி கேட்டகரி 5ஆ கரை ஏறிடுச்சு, ஒரே நாளுக்குள்ள சாதாரண புயல்ல இருந்து அந்த நிலைக்குப் போயிடுச்சு. ஊர் மொத்தமும் தூங்கப் போற நேரம். சாட்டிலைட் எல்லாம் இருந்தே இந்த நிலைமைன்னா, அந்த ஒரு விமானமும் போயிருக்கலன்னா கடைசி சில மணி நேர எச்சரிக்கைகூட கிடைச்சிருக்காது.

நம்ம வங்காள விரிகுடாவுல இந்த மாதிரி வழக்கமா புயலுக்குள்ள போற விமானம் கிடையாது, சாட்டிலைட்டும் கரையோர ரேடாரும்தான் எல்லாமே, அதனால நியாயமா பாத்தா இந்தக் கவலை டாம்பாவைவிட நாகப்பட்டினத்துக்குத்தான் அதிகம் இருக்கணும். இன்னொரு பக்கம், கடல் மேல காத்து வீசற வேகத்தை அளக்கிற சாட்டிலைட் விஷயத்துல அமெரிக்காக்காரங்களே நம்ம இஸ்ரோவைச் சார்ந்து இருந்திருக்காங்க. அவங்களோட குவிக்ஸ்கேட் 2009 நவம்பர்ல ஆன்டெனா சுத்தறது நின்னு படுத்துடுச்சு, 2012ல சாண்டி ஹரிக்கேன் நியூயார்க் பக்கம் போனப்ப அதோட காத்து வீச்சைக் காட்டின படங்கள்ல ஒண்ணு நம்ம ஓஷன்சாட்-2 எடுத்தது.

அடுத்தது ரேடார். கரைக்குக் கிட்ட வந்துட்டா இதைவிட நல்ல கண் கிடையாது, சில நிமிஷத்துக்கு ஒரு படம், கண் அசையறது அப்படியே தெரியும். ஆனா பூமி உருண்டையா இருக்கே. ரேடார் கதிர் நேரா போகப் போக பூமி கீழ வளைஞ்சுடும், 230 கிலோமீட்டர் தூரத்துல அது பாக்கிறது தரையில இருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற மேகத்தை, அதுக்குக் கீழ கடல் மட்டத்துல என்ன காத்து அடிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அதோட ரேடாரே புயலோட வழில நிக்கிற பொருள். 2017 செப்டம்பர்ல மரியா போர்ட்டோ ரீகோ ரேடாரைப் பிச்சு எறிஞ்சுடுச்சு, 2020 ஆகஸ்ட்ல லாரா லூசியானாவுல லேக் சார்ல்ஸ் ரேடாரோட கூண்டையே காணாம பண்ணிடுச்சு. ரொம்பத் தேவைப்படுற நேரத்துல போற கருவி அது.

மிதவையும் அப்படித்தான். 2005ல கத்ரீனா வந்தப்ப கல்ஃப்ல இருந்த 42003ங்கிற மிதவை கவிழ்ந்தே போச்சு, 42040 தாக்குப்பிடிச்சு நின்னு 55 அடி அலை உயரம் பதிவு பண்ணுச்சு, அதுவும் சராசரிக் கணக்குல, தனி அலை அதைவிட உசரமா இருந்திருக்கும். தாக்குப்பிடிச்சா தங்கம், ஆனா கல்ஃப் மொத்தத்துக்கும் மிதவைகள் கொஞ்சம்தான், புயல் அதுங்க நடுவுல புகுந்து போயிட்டா ஒண்ணும் தெரியாது.

கப்பலுக்கு வரேன், இது என் வீடு. தினமும் உலக நேரப்படி 0, 6, 12, 18 மணிக்கு கப்பல்கள்ல இருந்து காத்து, அழுத்தம், மேகம், அலை எல்லாம் குறிச்சு அனுப்புவோம், கேடட்டா இருந்தப்ப ராத்திரி தூக்கத்துல எழுந்து ஈரப்பதம் கணக்கிட வெட் பல்பு தெர்மாமீட்டர் பாத்து எழுதினது இன்னும் ஞாபகம் இருக்கு. புயல் விமானமும் சாட்டிலைட்டும் வர்றதுக்கு முன்னாடி நடுக்கடல் புயலைப் பத்தி கரைக்குத் தெரிஞ்ச முக்கிய வழி இதுதான். இந்த வழியும் அடைபட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு 1943 ஜூலையே சாட்சி. போர்க்காலம், ஜெர்மன் நீர்மூழ்கிகள் கல்ஃப்ல சுத்திக்கிட்டு இருந்துச்சுங்க, ரேடியோ பேசினா இருக்கிற இடம் தெரிஞ்சிடும்னு கப்பல்களை எல்லாம் வாயை மூடச் சொல்லிட்டாங்க. அந்த நேரம் பாத்து ஒரு ஹரிக்கேன் டெக்சாஸ்ல கால்வெஸ்டன், ஹூஸ்டன் பக்கம் வந்துடுச்சு, ஜனங்களுக்கு சரியான எச்சரிக்கையே போய்ச் சேரல, 19 பேர் செத்துப்போனாங்க. அதே ஜூலை 27ஆம் தேதிதான் ஜோசப் டக்வொர்த்ங்கிற விமானப் பயிற்சியாளர் ஒரு சின்ன ஒத்தை இஞ்சின் பயிற்சி விமானத்தை எடுத்துக்கிட்டு அந்தப் புயலோட கண்ணுக்குள்ள போயிட்டு முழுசா திரும்பி வந்தாரு, இறங்கினதும் வானிலை ஆபீசர் நானும் வரேன்னு கேட்க அவரையும் ஏத்திக்கிட்டு ரெண்டாவது தடவை போனாரு. இன்னைக்கு இருக்கிற ஹரிக்கேன் விமானப் படைக்கு அதுதான் ஆரம்பம்.

இப்ப கையில ஒண்ணுமே இல்லாம ஒரே ஒரு கப்பல்ல இருந்து எப்படி பாக்கிறதுன்னு சொல்றேன், இது நான் செஞ்சு பாத்தது. ஒரு செப்டம்பர் மாசம் நியூ ஆர்லியன்ஸ்ல தானியம் ஏத்திக்கிட்டு கிளம்பி கல்ஃப் நடுவுல இருந்தோம், அப்ப நான் செகண்ட் ஆபீசர். கியூபா மேற்கு முனைப் பக்கம் ஒரு ஹரிக்கேன் இருக்குன்னு முந்தின நாள் ரிப்போர்ட் வந்துச்சு, அதோட எங்க சாட்டிலைட் ஆன்டெனா யூனிட் செத்துடுச்சு, பத்து பதினாலு மணி நேரம் புதுசா ஒண்ணும் வரல, எச்எஃப்ல ஒரே இரைச்சல்.

முதல்ல தெரிஞ்சது ஸ்வெல். எங்க இடத்துல காத்து பெருசா இல்ல, ஆனா தென்கிழக்குல இருந்து நீளமா வழுவழுன்னு அலை தூக்கிப் போட ஆரம்பிச்சுது. கன்னியாகுமரி பக்கம் காத்தே இல்லாம கடல் ஏறி வர்றதை கள்ளக்கடல்னு சொல்வாங்களே, அதே குணம்தான், எங்கயோ தூரத்துல அடிச்ச காத்தோட அலை. ஸ்டாப்வாட்ச் வெச்சு எண்ணினேன், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 14 செகண்ட். கல்ஃப்ல சாதாரணமா அதுல பாதிகூட வராது. 14 செகண்ட் ஸ்வெல் கூட்டமா நகர்ற வேகம் சுமார் 21 நாட், புயல் நகர்றது 10, 12 நாட், அதனாலதான் அலை முந்திக்கிட்டு வந்து சொல்லிடுது.

அடுத்து பாரோமீட்டர். வெப்ப மண்டலக் கடல்ல காத்தழுத்தம் தினமும் கடிகாரம் மாதிரி ஏறி இறங்கும், காலை 10, ராத்திரி 10 மணிக்கு உச்சம், 4 மணிக்கு ரெண்டு தடவை பள்ளம். அன்னைக்கு காலை 10 மணிக்கு 1015 பக்கம் நிக்க வேண்டியது 1010ல இருந்துச்சு. கேப்டன் பழைய ஆளு, கண்ணாடியை விரலால லேசா ரெண்டு தட்டு தட்டினாரு, முள்ளு இன்னும் ஒரு கோடு கீழ இறங்குச்சு, ஒண்ணும் பேசாம சார்ட் டேபிளுக்குப் போய் பென்சிலை எடுத்தாரு. வழக்கத்தைவிட 3 மில்லிபார் குறைஞ்சா சந்தேகப்படு, 5 குறைஞ்சா 200 மைலுக்குள்ள இருக்கும்னு எடுத்துக்கோன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க.

மையம் எந்தப் பக்கம்? காத்துக்கு முகம் காட்டி நில்லுங்க, வட அரைக்கோளத்துல மையம் உங்க வலது கைப் பக்கம் கொஞ்சம் பின்னாடி, 100ல இருந்து 125 டிகிரிக்குள்ள இருக்கும். பைஸ் பாலட்ங்கிற டச்சுக்காரர் 1857ல சொன்ன விதில இருந்து வந்தது இது. எங்களுக்கு காத்து வடகிழக்கு, அப்ப மையம் தென்-தென்கிழக்கு. பிறகு கேப்டன் இஞ்சினைக் குறைச்சு கப்பலைக் கிட்டத்தட்ட நிறுத்திட்டாரு. ஓடிக்கிட்டே பாத்தா காத்து திரும்பறது புயலாலயா நம்ம ஓட்டத்தாலயான்னு குழப்பிடும், நின்னு பாத்தாதான் உண்மை தெரியும். ரெண்டு மணி நேரத்துல காத்து வடகிழக்குல இருந்து வட-வடகிழக்குக்கு, அதாவது இடஞ்சுழியா நகர்ந்துச்சு. அப்படின்னா நாம புயல் பாதையோட இடது பக்கம், பலம் கம்மியான பாதில இருக்கோம். வலஞ்சுழியா போயிருந்தா ஆபத்தான பாதி, திரும்பாம அதே திசைல பலமாகிட்டே வந்தா நேரா நம்ம மேலயே வருதுன்னு அர்த்தம். காத்தை வலது பின்பக்கம் வாங்கிக்கிட்டு மேற்கு-தென்மேற்கா ஓட்டினோம். அன்னைக்கு ராத்திரி நல்லா ஆட்டுச்சு, காலைல முள்ளு ஏற ஆரம்பிச்சுது. அப்புறம் ஆன்டெனா சரியானதும் நிஜப் பாதையை வாங்கி எங்க பென்சில் கோட்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தோம், திசை அழகா ஒத்துப்போச்சு, தூரத்துலதான் நல்லாவே தப்பு பண்ணியிருந்தோம்.

அந்தத் தப்பு எங்களோடது மட்டும் இல்ல, முறையோடதே. ஒரே இடத்துல நின்னு பாத்தா திசைதான் கிடைக்கும், தூரத்துல இருக்கிற பெரிய புயலும் கிட்ட இருக்கிற சின்ன புயலும் பாரோமீட்டருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வேற இடத்துல இன்னொரு கப்பல் இதே மாதிரி ஒரு திசை சொன்னா ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல புயல் இருக்கு. அதனாலதான் நிறைய கண் வேணும். எச்சரிக்கை நல்லா வேலை செஞ்சு கப்பல் எல்லாம் ஒதுங்கிட்டா புயல் இருக்கிற இடத்துல பாக்கிறதுக்கு யாருமே இருக்க மாட்டாங்க, அந்த வெற்றிடத்தை நிரப்பினதுதான் சாட்டிலைட்.

முன்கணிப்பு விஷயத்தையும் ஒரு வரி சொல்லணும். இப்ப எங்க இருக்குங்கிறது வேற, மூணு நாள் கழிச்சு எங்க போகும்ங்கிறது வேற. கம்ப்யூட்டர் மாடல்களுக்குப் போற டேட்டால பெரும்பகுதி சாட்டிலைட்டோடது, அது குறைஞ்சா நாளைக்கு உள்ள கணிப்பு அவ்ளோவா கெடாது, நாலாவது அஞ்சாவது நாள் கணிப்புதான் அகலமாயிடும். ஈடுகட்ட வானிலை பலூனை ஒரு நாளைக்கு ரெண்டுக்குப் பதிலா நாலு தடவை விடுவாங்க, நோவாவோட கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் புயலைச் சுத்தி உயரத்துல பறந்து குழாய் போடும்.

உங்க தங்கச்சிக்கு என்ன சொல்லணும்னா, ஹரிக்கேன் மையம் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை அறிக்கை விடும்போது கூடவே "டிஸ்கஷன்"னு ஒரு பக்கம் போடுவாங்க, அதோட முதல் பத்தியைப் படிக்கச் சொல்லுங்க. இந்த எண் எங்க இருந்து வந்துச்சுன்னு அதுல எழுதியிருப்பாங்க. விமானம் உள்ள போய் அளந்ததுன்னு இருந்தா அந்த மையத்தையும் பலத்தையும் தைரியமா நம்பலாம். சாட்டிலைட் மதிப்பீடு மட்டும்தான்னு இருந்தா, அதுவும் ராத்திரி அறிக்கையா இருந்தா, ஒரு கேட்டகரி கூட்டியே வெச்சுக்கிட்டு கிளம்பறதுக்குத் தயாராகட்டும். அப்புறம் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்துல இருக்குன்னு, A-ல இருந்து E வரைக்கும் எழுத்து இருக்கும், இப்பவே பாத்து வெச்சுக்கட்டும், ஏன்னா 2024ல ஹெலீன் டாம்பாவுக்கு 100 மைலுக்கு மேல தள்ளி கடல்லயே தான் போச்சு, மையம் ஊர்ப்பக்கம் வரவே இல்ல, ஆனா டாம்பா விரிகுடால கடல் தண்ணி பல அடி ஏறி வீடுகளுக்குள்ள வந்துடுச்சு. பேட்டரில ஓடற நோவா வானிலை ரேடியோ ஒண்ணு வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க, 162.4ல இருந்து 162.55 மெகாஹெர்ட்ஸ், செல்ஃபோன் டவர் விழுந்தாலும் அது பேசிக்கிட்டே இருக்கும்.